சென்னைக்கு வெளியேயும் ஓட்டிப் பார்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய கருவியை நிறுவி ஓட்டிப் பார்த்தேன். டெர்மினலில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்ததும் பக்கத்திலுள்ள பத்து வானிலை நிலையங்கள் தூர வரிசையில் வந்து விழுகின்றன. வேகமாகத் தேடுவதற்கென்று கே-டி மரம் ஒன்றும் கட்டியிருக்கிறாய். அழகான வேலைதான், ஆனால் இங்கே தேவையில்லை. நீ எடுத்துக்கொண்ட, அமெரிக்க வானிலை அமைப்பான நோவாவின் ஜிஎச்சிஎன்-டெய்லி பட்டியலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் ஹாவர்சைன் சூத்திரத்தால் ஒவ்வொன்றாகத் தூரம் கணக்கிட்டாலும் இன்றைய மடிக்கணினிக்கு அது பெரிய பாரமில்லை. மரத்தை வெட்டிவிடு.

வெட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உன் சோதனைகள் எல்லாம் 13.08, 80.27 என்று சென்னையையே சுற்றி வருகின்றன. பிழைகளை இவ்வளவு மறைத்துவைக்கும் ஊர் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. சென்னையில் ஒரு டிகிரி தீர்க்கரேகை கிட்டத்தட்ட 108 கி.மீ.; ஒரு டிகிரி அட்சரேகை 111 கி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் மரத்தில் டிகிரிகளை அப்படியே போட்டது உன் கண்ணில் படவில்லை. 64 டிகிரி வடக்கிலுள்ள ரெய்க்யாவிக்கில் ஓட்டிப் பார். அங்கே ஒரு டிகிரி தீர்க்கரேகை 49 கி.மீ.தான். உன் மரம் கிழக்கே, மேற்கே பக்கத்தில் இருப்பவற்றை விட்டுவிட்டு, வடக்கே தொலைவில் இருப்பதைக் கொண்டுவந்து நிறுத்தும். பிஜியின் தவேயுனி தீவின் குறுக்கே 180-வது தீர்க்கரேகை போகிறது. ஒரு பக்கம் 179.9, மறுபக்கம் -179.9. ஒரே தீவுக்குள் இருக்கும் தூரம் உன் மரத்துக்குக் கிட்டத்தட்ட 360 டிகிரியாகத் தெரியும். ஹாவர்சைனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அடுத்து சிட்னிக்குப் போ. -33.87 என்று அடித்ததும் உன் கருவி முன்னால் இருக்கும் கழித்தல் குறியைப் பார்த்து, ஏதோ ஆப்ஷன் என்று நினைத்துத் திட்டுகிறது. பூமியில் பாதிக்கு அட்சரேகையே கழித்தல் குறியில்தான் தொடங்குகிறது.

யாராவது இரண்டு எண்களையும் இடம் மாற்றிக் கொடுத்தால்? ஜியோஜேசான் கோப்புகளில் தீர்க்கரேகைதான் முதலில் வரும் என்பதால் இது அன்றாடம் நடப்பது. அட்சரேகை 90-ஐத் தாண்டினால் பிழை என்று காவல் வைத்திருக்கிறாய், நல்லது. ஆனால் சென்னையின் 80 அந்தக் காவலுக்குள் நுழைந்துவிடுகிறது. 80 வடக்கு, 13 கிழக்கு என்றால் ஸ்வால்பார்டு. மயிலாப்பூர்க்காரரை வடதுருவத்தின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பிழை எதுவும் சொல்லாமல் கருவி முடித்துக்கொள்ளும். ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப் பெயருள்ள ஆப்ஷன் வைத்து, நடுவில் சமக்குறி போடச் சொல். இடமாற்றம் குறையும், சிட்னியின் கழித்தல் குறியும் சிக்காது.

நாட்டுக் குறியீட்டிலும் கவனம் வை. ஜிஎச்சிஎன் பட்டியல் பழைய அமெரிக்க எஃப்ஐபிஎஸ் குறியீட்டைப் பின்பற்றுகிறது. ‘ஏயு’ என்று கேட்டால் ஆஸ்திரியா வரும், ஆஸ்திரேலியா ‘ஏஎஸ்’.

இதெல்லாம் திருத்திவிடக்கூடியவை. நீ உட்கார்ந்து யோசிக்க வேண்டியது ‘பக்கம்’ என்பதை எதை வைத்து முடிவு செய்கிறாய் என்பதைத்தான். பெரியகுளத்திலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் சுமார் 15 கி.மீ. உயரத்திலோ ஏறத்தாழ 2,000 மீட்டர் வித்தியாசம். உயரம் கூடக்கூட ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டால், வெப்பநிலையில் 13 டிகிரி இடைவெளி. பெரியகுளத்துத் தோட்டக்காரருக்குக் கொடைக்கானலின் குளிரை ‘பக்கத்து நிலையம்’ என்று காட்டினால் அவர் சிரிக்கமாட்டாரா? சமவெளியிலும் இது உண்டு. நுங்கம்பாக்கம் நிலையமும் மீனம்பாக்கம் நிலையமும் ஒரே சென்னையில்தான் இருக்கின்றன. கடற்காற்று எப்போது வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்து மே மாத மதியங்களில் இரண்டின் எண்களும் பிரிந்து நிற்கும்.

ஆகவே தூரத்துக்குப் பக்கத்திலேயே உயரத்தையும் அச்சிடு. உயரம் தெரியாத நிலையங்களுக்குப் பட்டியலில் -999.9 என்று போட்டிருப்பார்கள். அதை எண்ணாக எடுத்துக்கொண்டால் நிலையம் கடலுக்கடியில் ஒரு கிலோமீட்டர் போய்விடும், வெற்றிடமாக விடு. கூடவே வரும் இன்வென்டரி கோப்பையும் படி. எந்த நிலையம் எதை அளக்கிறது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்த நிலையங்களில் பாதியளவு மழையை மட்டுமே அளப்பவை. எத்தனையோ மூடியே போய்விட்டன. வெப்பநிலை கேட்டு வருபவருக்கு இரண்டு கி.மீ.யில் உள்ள மழைமானி எதற்கு?

இவற்றையெல்லாம் கலந்து ஒரே மதிப்பெண்ணாக்கி வரிசைப்படுத்தலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். மலையேறுபவருக்கு உயரம் முக்கியம், வெள்ளத்தை ஆராய்பவருக்கு நீண்ட மழைப் பதிவு முக்கியம். அந்தத் தேர்வை உன் சூத்திரத்துக்குள் பூட்டிவைத்தால் அவர்களால் திறக்க முடியாது. அவர்களே வரிசைப்படுத்திக்கொள்ளட்டும். நிலையப் பெயர்களில் இடைவெளி வருவதால், பத்திகளை டேப் வைத்துப் பிரித்துக் கொடு. எச்சரிக்கைகளைத் தரவோடு கலக்காமல் பிழை வெளியீட்டுக்கு அனுப்பு. ஒன்றுமே கிடைக்காவிட்டால் பூஜ்யமல்லாத குறியீட்டோடு வெளியேறு. மீதியை அவர்கள் பைப் போட்டு சார்ட், ஆக் கட்டளைகளில் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த பதிப்பை முதலில் ரெய்க்யாவிக், தவேயுனி, சிட்னி, பெரியகுளம் ஆகிய நான்கு இடங்களில் ஓட்டிவிட்டு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்