பள்ளியும் இல்லமும்

குழந்தையின் நாளில் பள்ளிக்கு உரிய பொழுது சிறிது. இல்லத்துக்கு உரிய பொழுது பெரிது. பள்ளியிற் கற்ற எழுத்தை இல்லம் போற்றுதல் வேண்டும். இல்லத்திற் பழகிய பேச்சையும் வழக்கத்தையும் பள்ளி மதித்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாது நின்றால், இடையே நின்று இடர்ப்படுவது குழந்தையே ஆகும். ஆதலின் ஆசிரியரும் பெற்றோரும் கூடிச் செயலாற்றுதல் கல்விக்கு இன்றியமையாதது. மொழியாலும் தொழிலாலும் சமயத்தாலும் வேறுபட்ட குடும்பங்கள் ஒருங்கு வாழும் நிலப்பகுதியில் இக்கூட்டுறவு எளிதிற் கைகூடுவதன்று. அஃது எவ்வாறு கைகூடும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் நல்லதொரு சான்றாகும்.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைத் தனியரசு 1948ஆம் ஆண்டு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அப்பகுதி 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் தனி மாவட்டம் ஆயிற்று. அதன் உள்நாட்டில் கண்மாய் நீரை நம்பி வாழும் உழவரும் கற்சுரங்கத் தொழிலாளரும் உளர். கீழ்க்கரையில் மீனவரும், கோட்டைப்பட்டினம் முதலிய ஊர்களில் இசுலாமியக் குடும்பத்தினரும் வாழ்கின்றனர். நரிக்குறவர் குடியிருப்புகளும், இலங்கைத் தமிழர் வாழும் முகாம்களும் அம்மாவட்டத்தில் உள்ளன. இவ்வில்லங்கள் அனைத்திலிருந்தும் குழந்தைகள் பள்ளி வாயிலை நோக்கி வருகின்றனர்.

இல்லம் துணைநின்றால் அடைத்த கதவும் திறக்கும் என்பதற்கு முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வே சான்று. அவர் 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையிற் பிறந்தார். பெண்கள் உயர்கல்வி கற்பதைப் பலர் விரும்பாத காலம் அது. அவர் தந்தையார் நாராயணசாமி, மகளை வீட்டிலேயே கற்பிக்கச் செய்து தேர்வுக்கு ஆயத்தப்படுத்தினார். ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்புத் தோன்றியது. ஆயினும் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். அம்மையார் அங்குப் பயின்று, பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். தந்தையின் ஊக்கமும் அரசின் இசைவும் ஒன்றுகூடாதிருந்தால் அக்கதவு திறந்திராது.

ஆனால், கற்ற தந்தையைப் பெறும் பேறு எல்லாக் குழந்தைகளுக்கும் வாய்ப்பதன்று. பெற்றோர் எழுத்தறியாதவராயின் பள்ளி செய்யத்தக்கது யாது? தமிழ்நாட்டில் 1956ஆம் ஆண்டு பரவத் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் இதற்கு ஒரு விடை கண்டது. ஊர் மக்கள் அதற்குப் பொருளுதவி செய்தனர். 1958ஆம் ஆண்டு, அக்காலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவ்வியக்கத்தைப் பல ஊர்களிலும் வளர்த்தார். எழுதத் தெரியாதவரும் பள்ளிக்குப் பலகையும் மணியும் நாற்காலியும் வழங்கினர். கொடுத்தவர் உள்ளத்தில், ‘இது நம் பள்ளி’ என்னும் உரிமை தோன்றியது.

பெற்றோரிடம் பொருளைப் பெறுதல் ஒரு படி. அவருக்கு அறிவை அளித்தல் அதனினும் உயர்ந்த படி. அவ்வுயர்ந்த படியைப் புதுக்கோட்டை 1991ஆம் ஆண்டில் ஏறியது. அக்காலத்து மாவட்ட ஆட்சித் தலைவர் சீலாராணி சுங்கத் முன்னின்று ஊக்க, அறிவொளி இயக்கம் ஊர்தோறும் பரவியது. கற்பிக்க வந்தோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். வகுப்புகள் மாலைப் பொழுதில், கற்போர் வாழும் தெருக்களிலேயே நடந்தன. அவ்வியக்கம் பெண்களை மிதிவண்டி ஓட்டவும் பழக்கியது. உழவுத் தொழில் செய்யும் பெண்களும், கல்லுடைக்கும் பெண்களும், ஆசிரியைகளும், இசுலாமியப் பெண்களும் மிதிவண்டி ஏறினர். 1992ஆம் ஆண்டு நடந்த மகளிர் மிதிவண்டிப் பேரணியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டனர். தன் பெயரைத் தானே எழுதக் கற்ற தாய், பள்ளிக்குச் சென்று ஆசிரியரை வினவ அஞ்சுவதில்லை. கல்விக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த அச்சமே முதலில் நீங்க வேண்டிய தடை என்பதை இவ்வியக்கம் உணர்த்தியது.

இனி, வேறுபட்ட குடும்பங்களின் நிலையைத் தனித்தனியே நோக்குதல் நன்று. நரிக்குறவர் வீட்டில் வாக்ரிபோலி என்னும் மொழியைப் பேசுவர். அது குசராத்தியோடு உறவுடையது. தனக்கென எழுத்து இல்லாதது. அக்குழந்தை முதல் வகுப்பிற் கேட்கும் தமிழ், பாடமாக மட்டுமன்றிப் புதிய மொழியாகவும் அதற்குத் தோன்றக்கூடும். அது வாய்திறவாது இருப்பின், அதனை அறிவின்மை எனக் கொள்ளுதல் தவறு. பெற்றோர் மணிமாலை விற்கத் திருவிழா ஊர்களுக்குச் செல்லும்பொழுது குழந்தையையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. திரும்பி வரும் குழந்தையைக் கடிந்து பேசினால், அது மறுமுறை வராது. மாறாக, எத்திங்களில் எவ்வூருக்குச் செல்வர் என்பதை முன்னரே கேட்டறிந்து, விட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் அக்குடும்பத்தின் நம்பிக்கையைப் பெறுவார். மணி கோக்கும் தாயை வகுப்புக்கு அழைத்து எண்ணும் முறையைக் காட்டச் செய்தால், மாணவர் கணக்கும் கற்பர். அத்தாயின் தொழிலுக்கு மதிப்பளிக்கவும் கற்பர்.

இலங்கைத் தமிழ்க் குழந்தையின் மொழி தமிழே. எனினும் சில சொற்கள் வேறு. பேசுதலைக் ‘கதைத்தல்’ என அது கூறும்பொழுது வகுப்பு நகைத்தல் கூடாது. அதுவும் தமிழின் ஒரு வழக்கே என ஆசிரியர் ஒரு சொற் கூறினால், தலைகுனிந்த குழந்தை நிமிரும். கடற்கரையூர்ப் பிள்ளைகளுள் சிலர் காலையிலோ மாலையிலோ மதரசாவிலும் ஓதுவர். தனிவகுப்புக்கு நேரம் குறிக்கும் பள்ளி, இதனைப் பெற்றோரோடு கலந்து முடிவுசெய்தல் வேண்டும். இவை சிறியன போலத் தோன்றினும், ஒரு குடும்பம் பள்ளியைத் தன்னதெனக் கருதுவதும் பிறர்க்கு உரியதெனக் கருதுவதும் இவற்றாலேயே அமையும்.

இக்கூட்டுறவுக்கு இன்று சட்டத்தின் துணையும் உண்டு. 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைத்தல் வேண்டும் என விதித்துள்ளது. அக்குழுவின் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினரேனும் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். உறுப்பினருட் பாதியினர் பெண்கள். நலிவுற்ற பிரிவினரின் பெற்றோர்க்கும் உரிய இடம் உண்டு. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், நிதி செலவாகும் முறையைக் கண்காணிப்பதும் அக்குழுவின் கடமைகள். ஆயினும் இடம் அளித்தல் வேறு. சொல்லுக்குச் செவி அளித்தல் வேறு. கூட்டம் முடிந்தபின் ஏட்டில் கையொப்பம் மட்டும் பெற்று அனுப்பினால், சட்டம் ஏட்டில் மட்டுமே வாழும். கூலிவேலைக்குச் செல்லும் தாய் வரத்தக்க பொழுதிற் கூட்டம் கூட்டி, அவருக்கு விளங்கும் எளிய சொற்களிற் கணக்கை எடுத்துரைத்து, அவர் கருத்தைக் கேட்டபின் முடிவுசெய்தலே சட்டத்தின் உயிர்.

பெற்றோர்க்கும் கடமை உண்டு. பிள்ளையைத் தவறாது அனுப்புதலும், அன்று கற்றதை மாலையிற் கேட்டலும், குறை கண்டவிடத்து ஆசிரியரிடம் அமைதியாக எடுத்துரைத்தலும் அவர் செய்யத்தக்கன. பிள்ளை படித்துக் காட்டுவதை எழுத்தறியாத தாயும் அமர்ந்து கேட்கலாம். கேட்பார் ஒருவர் உளர் என்னும் எண்ணமே பிள்ளையை மேலும் படிக்கத் தூண்டும்.

இவ்வாறு கூடுதலில் முதலடி வைக்க வேண்டியது பள்ளியே. கற்றவர் கல்லாதவரின் வாயிலுக்குச் செல்லுதல் இழிவன்று; அறிவொளித் தொண்டர்கள் அவ்வாறு சென்றமையாலேயே புதுக்கோட்டையின் தெருக்கள் வகுப்பறைகள் ஆயின. ஆசிரியர் ஒருமுறை இல்லத்துக்குச் சென்றால், பெற்றோர் பலமுறை பள்ளிக்கு வருவர். பள்ளியும் இல்லமும் இவ்வாறு ஒன்றையொன்று அறிந்த ஊரில், எந்தக் குடியிற் பிறந்த குழந்தையும் கல்வியினின்றும் விலகி நிற்கும் நிலை நேராது.