ஒரு கரண்டி சாம்பல்

இந்த மாதப் பாடத்தை எழுதச் சொன்னபோது, "அந்தியேட்டி" என்ற தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். பதினாறு சம்ஸ்காரங்களில் கடைசிச் சடங்கு அது. அதைக் கேட்டு வாங்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருஷம் என் பாட்டியின் சாம்பலில் ஒரு கரண்டியை நான் யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்தேன்.

பாட்டி இறந்தது கிள்ளானில். அக்கா மெல்பர்னில் படிக்கிறாள். டிக்கெட் கிடைத்து அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்ததும் எனக்குப் போன் பண்ணினாள்.

"தம்பி, கொஞ்சம் சாம்பல் எடுத்து வைடா. இங்க ஓவியம் வரையிறவங்க அதைப் பெயிண்ட்ல கலந்து பண்ணிக் கொடுக்குறாங்க. பாட்டி முகத்தைத்தான் பார்க்க முடியல, அதாவது எங்கிட்ட இருக்கட்டும்."

அப்பாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "எல்லாம் கடலுக்குத்தான் போகணும். பாதி இங்க பாதி அங்கன்னு அம்மாவைப் பிரிக்கக் கூடாது," என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மறுநாள் காலை பால் தெளித்து எலும்பு பொறுக்கினோம். எல்லாரும் கார் பக்கம் நடந்தபோது நான் மட்டும் பின்தங்கி, பாட்டியின் காலி மாத்திரை டப்பாவில் ஒரு கரண்டி அள்ளிக்கொண்டேன். மீதியைப் படகில் கொண்டுபோய்க் கடலில் கரைத்தோம். அப்பா கைகூப்பி அழுதார். டப்பா என் பாக்கெட்டில் இருந்தது.

அந்தச் சாம்பல் என்ன?

பொறியியல் மாணவன் என்பதால் முதலில் இதைத்தான் தேடினேன். இன்றைய தகன உலைகள் சுமார் 760 முதல் 980 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிக்கின்றன. தசை, முடி எல்லாம் வாயுவாகிப் போய்விடும். மிஞ்சுவது எலும்பின் தாதுப்பொருள்தான், பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். பெரியவர் ஒருவருக்குப் பொதுவாக 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். விறகுச் சிதை என்றால் மரச்சாம்பலும் அதில் கலந்திருக்கும்.

ஓவியத்துக்கு ஒன்றிரண்டு கரண்டி போதும். சாம்பலைச் சலித்து, பெரிய துகள்களை உரலில் நைசாக அரைத்து, அக்ரிலிக் அல்லது எண்ணெய் வண்ணத்தோடு கலக்கிறார்கள். சிலர் ரெசினில் கலந்து பலகை மேல் ஊற்றுகிறார்கள். சாம்பல் கரையாது, மணல் மாதிரி துகளாகவே நிற்கும். அதனால் பசை போதாவிட்டால் உதிரும். துணியில் தடிப்பாகப் பூசினால் வெடிக்கும், கெட்டியான பலகைதான் நல்லது. காய்ந்ததும் மேலே வார்னிஷ் பூச வேண்டும். அரைக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

இன்னொரு விஷயம், சாம்பலுக்குக் காரத்தன்மை உண்டு. வீட்டில் சிரட்டையை எரித்து, அந்தச் சாம்பலைப் பிரஷ்யன் நீல வாட்டர் கலரில் கலந்து பார்த்தேன். சிரட்டைச் சாம்பலில் காரம் அதிகம். நீலம் பழுப்படித்துப் போனது. பாட்டிக்குப் பிடித்த நிறம் நீலம். அதைப் பார்த்ததும் மனசு என்னமோ பண்ணியது. தொழில்நுட்பம் புரிந்துவிட்டது, ஆனால் டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை.

சிவநேசர் வைத்த குடம்

கடைசியில் எங்கள் சமய வகுப்பு ஆசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெரியபுராணத்தில் வரும் பூம்பாவை கதையை ஞாபகப்படுத்தினார்.

மயிலாப்பூர் வணிகர் சிவநேசர். பூக்கொய்யப் போன அவர் மகள் பூம்பாவையைப் பாம்பு தீண்டிவிடுகிறது. மகளைத் திருஞானசம்பந்தருக்கே என்று மனதில் வைத்திருந்தவர் அவர். தகனம் முடிந்ததும் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்துப் பாதுகாக்கிறார். பின்பு சம்பந்தர் வந்து பதிகம் பாட, பூம்பாவை எழுந்து வருகிறாள். மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் இன்றும் அவளுக்குச் சந்நிதி உண்டு.

"அப்போ சாம்பலை வைத்துக்கொள்வது தப்பில்லையா சார்?" என்றேன்.

"சிவநேசர் யாருக்குத் தெரியாம வச்சாரு? ஊரறிய வச்சாரு. வச்சுக்கிட்டே இருக்கவும் நினைக்கல, சம்பந்தர் வந்ததும் குடத்தைக் கொண்டுவந்து முன்னால வச்சாரு. நீ யார் முன்னால வைக்கப் போற?"

அந்தக் கேள்வி தைத்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பதிகத்தைப் படித்தேன். சம்பந்தர் அவளை எதைச் சொல்லிக் கூப்பிடுகிறார் தெரியுமா? கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று ஊர் விழாக்களைச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமல் போவாயா என்று கேட்கிறார். முன்னால் இருந்தது குடமும் சாம்பலும். அவர் பேசியதோ அவள் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி.

திருக்குறளில் நிலையாமை அதிகாரம், உடம்பையும் உயிரையும் கூட்டுக்கும் அதைவிட்டுப் பறந்த பறவைக்கும் ஒப்பிடுகிறது. பழந்துணியைக் களைவது போல என்கிறது கீதையின் இரண்டாம் அத்தியாயம். அஸ்தியைக் கரைப்பது இந்த உண்மையை நம் கையாலேயே செய்து பார்ப்பதுதான். அப்பா சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

டப்பாவைத் திறந்த நாள்

அன்று ராத்திரி டப்பாவை அப்பா முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அக்காவுக்கு இது அவ்வளவு முக்கியமா?" அவளிடம் நேராக அவர் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. உடனே போன் போட்டார். இருவரும் பேசி அழுததை நான் ஹாலில் இருந்து கேட்டேன்.

திவசத்துக்கு அக்கா வந்தாள். அந்த ஒரு கரண்டியை அவள் கையாலேயே கடலில் கரைக்கச் சொன்னார் அப்பா. பாட்டி தினமும் பூசிய திருநீற்றுச் சம்படத்தை அவளுக்கே கொடுத்துவிட்டார். அந்தத் திருநீற்றை வெள்ளை வண்ணத்தில் கலந்து, பாட்டி கார்த்திகை விளக்கு ஏற்றுகிற மாதிரி அக்கா வரைந்தாள். நெற்றியில் உள்ள மூன்று கோடும் உண்மையான திருநீறுதான். படம் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. அக்காவே அங்கே மாட்டச் சொல்லிவிட்டாள்.

அஸ்தி ஓவியம் செய்துகொள்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தூரத்தில் இருப்பவர்களின் ஏக்கம் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால், முடிவுக்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

1. இறந்தவரின் விருப்பம் என்ன? உயிரோடு இருக்கும்போதே கேட்டோமா?
2. குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியுமா? யாராவது ஒருவர் மனம் நொந்திருக்கிறாரா?
3. ஐம்பது வருஷம் கழித்து அந்தப் படத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்? வேண்டாம் என்றால் எங்கே போகும்?
4. அவரை நினைக்க நமக்கு வேண்டியது சாம்பலா, அவர் செய்த ஒரு காரியமா?

நான்காவது கேள்விக்கு எங்கள் வீட்டுப் பதில் இது: இந்தக் கார்த்திகைக்கு பாட்டியின் விளக்கை நான்தான் ஏற்றப் போகிறேன். திரி திரிக்க அப்பா சொல்லித் தருகிறார். இன்னும் சரியாக வரவில்லை.