ஓடுகிற பிள்ளை ஏன் விழுகிறான்?

"நல்லா ஓடியாடிக்கிட்டிருந்த பையன். ஒரு தலைவலி காய்ச்சல்னு படுத்ததில்லை. அவனுக்கா இப்படி?" விளையாட்டு மைதானத்தில் யாராவது சுருண்டு விழுந்த செய்தி வந்தால், எல்லா வீட்டிலும் எழும் கேள்வி இதுதான்.

2021 ஜூன் 12. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி. டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், வயது 29. முதல் பாதி முடியும் தறுவாயில், யாரும் மோதாமலேயே அப்படியே சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. சக வீரர்கள் அவரைச் சுற்றி அரணாக நிற்க, மருத்துவர்கள் மார்பை அழுத்தினார்கள். மின் அதிர்வுக் கருவியை வைத்தார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார். நெஞ்சுக்குள் சிறு கருவி பொருத்தப்பட்டு, 2022 பிப்ரவரியில் மறுபடி மைதானத்தில் இறங்கினார்.

ஆனால் 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியான் நகரில் விழுந்த கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வயது 28. பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது, அவருடைய இதயத் தசை பிறவிக் கோளாறால் தடித்திருந்தது என்று.

குழாயா, கரண்ட்டா?

இது மாரடைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. உங்கள் வீட்டு மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாயில் அடைப்பு வந்தாலும் தண்ணீர் ஏறாது. கரண்ட் கோளாறானாலும் ஏறாது. இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. துடிப்பை நடத்தும் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்குவதுதான் திடீர் இதய நிறுத்தம். 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் அடைப்பே இதற்குக் காரணமாகிறது. இளம் வயதினருக்கு, தடித்த இதயத் தசை, பிறவியிலேயே தடம் மாறிய ரத்தக்குழாய், மின்னோட்டக் குறைபாடு, வைரஸ் காய்ச்சலால் வரும் இதயத் தசை அழற்சி ஆகியவை காரணமாகலாம்.

"அப்போ பிள்ளைகளை விளையாடவே விடக் கூடாதா?" என்று கேட்காதீர்கள். விளையாட்டு இதயத்துக்கு நல்லதே. ஒளிந்திருக்கும் கோளாறை அது வெளியே இழுத்துவிடுகிறது, அவ்வளவுதான். நன்கு பயிற்சி பெற்றவர்களுக்கு ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 40, 50 என்று குறைந்திருப்பதும் இயல்பு. அதைக் கண்டு பதற வேண்டாம்.

நாடியில் தெரியாதா?

என்னிடம் ஒருவர் 16 வயது மகனை அழைத்து வந்தார். கபடி ஆடுகிற பையன். ஓடும்போது இரண்டு முறை மயங்கியிருக்கிறான். "உடம்புச் சூடுங்க, தணியறதுக்கு ஏதாவது சூரணம் குடுங்க" என்றார். நாடி பார்த்தேன். வாதம், பித்தம், கபம் மூன்றும் தத்தம் நடையில்தான் இருந்தன. ஆனால், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருக்கிறார்களா என்று கேட்டபோது, "என் தம்பி, முப்பது வயசுல, தூக்கத்துலயே" என்றார். அன்றே இதய மருத்துவரிடம் அனுப்பினேன். எக்கோ பரிசோதனையில் தசைத் தடிப்பு தெரிந்தது. சூரணம் கொடுத்து அனுப்பியிருந்தால்? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

உட்கார்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடும் நாடி, ஓடும்போது என்ன செய்யும் என்று எந்த விரலும் சொல்லாது. மருதம்பட்டைக் கஷாயத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் நடுங்கும் இதயத்தை எந்தக் கஷாயமும் நிறுத்தித் துடிக்க வைக்காது. இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டுக்கு வருபவர்களுக்கு ஈ.சி.ஜி. பரிசோதனை கட்டாயம். அதன்பின் வெனிஸ் நகரம் அமைந்துள்ள வெனெட்டோ பகுதியில், இளம் வீரர்களின் திடீர் மரணங்கள் பத்தில் ஒன்பது பங்கு குறைந்தன என்று 2006-ல் வெளியான ஆய்வு சொன்னது.

இவற்றை அலட்சியம் செய்யாதீர்கள்

* ஓடும்போதோ நீந்தும்போதோ வரும் மயக்கம்.
* விளையாடும்போது நெஞ்சுவலி, காரணமில்லாத படபடப்பு, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு.
* நெருங்கிய ரத்த உறவில் இளவயது திடீர் மரணம். ஒருவருக்குக் கோளாறு என்றால் உடன்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை தேவை.
* காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி கூடவே கூடாது.

விழுந்துவிட்டால்?

தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியில்லை என்றால் இதயம் நின்றதாகவே கொள்ளுங்கள். விட்டுவிட்டுத் திணறுவது மூச்சல்ல. கைகால் இழுப்பதைப் பார்த்து வலிப்பு என்று சாவிக்கொத்தைத் தேடாதீர்கள். வாயில் சோடா ஊற்றாதீர்கள். ஒருவர் 108-க்குப் பேசட்டும். இன்னொருவர் மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்க வேண்டும். அதிர்வுக் கருவி இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அதுவே குரலில் சொல்லும். முதலுதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவிகிதம் குறைகிறது.

அந்தக் கபடிப் பையன் இப்போது போட்டிகளில் ஆடுவதில்லை. இதய மருத்துவர் தந்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறான். போன மாதம் வந்தபோது, மார்பை அழுத்தும் முறையைத் தன் அணி நண்பர்கள் அத்தனை பேருக்கும் கற்றுக்கொடுத்ததாகச் சொன்னான். உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?