காட்டு முசெண்டா: இனங்காண்போம், வளர்ப்போம்

நுவரெலியாவுக்கும் ஹக்கல பூங்காவுக்கும் சுற்றுலா சென்று வருபவர்கள் ஆசையோடு வாங்கி வரும் செடி ஹைட்ரேஞ்சியா. கொழும்புக்கு வந்த பின் அது இலை விடும், பூப்பதுதான் அரிது. ஜப்பானின் மிதமான காலநிலைக்குப் பழகிய அச்செடியில் பூமொட்டு உருவாக, சுமார் ஆறு வாரங்கள் 18 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் தேவை. கொள்ளுப்பிட்டியின் இரவுகளில் அந்தக் குளிர் கிடைப்பதில்லை.

ஆனால், ஹைட்ரேஞ்சியாவில் நாம் எதை ரசிக்கின்றோமோ, அதே வித்தையைச் செய்யும் காட்டுச் செடியொன்று நமது ஈரவலயத்திலேயே இருக்கின்றது. அதை அறிய, முதலில் அந்த வித்தையை விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஹைட்ரேஞ்சியாவின் நீல நிறப் பகுதிகள் அல்லிகள் அல்ல. அவை அகன்று நிறமேறிய புல்லிகள். உண்மையான பூ அவற்றின் நடுவே சிறு புள்ளி போல இருக்கும். தேயிலைக்கு ஏற்ற மலைநாட்டு அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் அந்தப் புல்லிகள் நீலமாகின்றன. அமிலத்தன்மை குறைந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும்.

புல்லியே பூவாகத் தோன்றும் நம் நாட்டுச் செடிதான் காட்டு முசெண்டா. தமிழில் இதை வெள்ளிமடந்தை என்பர். 1753இல் லின்னேயஸ் இதற்கு 'முசெண்டா புரொண்டோசா' என்ற தாவரவியற் பெயரை வழங்கினார். அதன் முதற் சொல் சிங்கள மக்கள் இச்செடியை அழைத்த பெயரிலிருந்து பிறந்தது. இன்று உலகெங்கும் தாவரவியலாளர் உச்சரிக்கும் ஒரு பெயர் நமது தீவின் கிராமத்துப் பேச்சிலிருந்து போயிருக்கின்றது.

இனங்காணும் முறை

ஈரவலயத்தின் பற்றைக்காடுகளிலும் காட்டு விளிம்புகளிலும் இதைக் காணலாம். பச்சைப் பற்றையில் யாரோ வெள்ளைக் காகிதத் துண்டுகளைச் சொருகி வைத்தது போலத் தூரத்திலிருந்தே தெரியும். கிட்டப் போய் மூன்று அடையாளங்களைப் பாருங்கள்.

முதலாவது, இலை. இலைகள் எதிரெதிராகச் சோடியாக அமைந்திருக்கும். இரண்டு காம்புகளுக்கும் இடையில், தண்டின் மீது சிறு செதில் ஒன்று இருக்கும். இது கோப்பிக் குடும்பத்தின் முத்திரை. வீட்டு வேலியிலுள்ள வெட்சியிலும் இதே செதிலைப் பார்க்கலாம்.

இரண்டாவது, பூ. உண்மையான பூ செம்மஞ்சள் நிறமானது. நீண்ட குழாயின் நுனியில் ஐந்து கூரிய அல்லிகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும்.

மூன்றாவது, வெள்ளை 'இலை'. பூவுக்கு ஐந்து புல்லிகள். கொத்திலுள்ள சில பூக்களில் மட்டும் அவற்றுள் ஒன்று பெரிதாகி, காம்போடு கூடிய வெண்ணிற இலையாக மாறும். தேன் தேடும் வண்ணத்துப்பூச்சிகளுக்கு அதுவே தூரத்து அழைப்பு.

இந்த மூன்றாம் அடையாளமே ஏமாறாமல் காக்கும். கொழும்பு வீட்டு முற்றங்களில் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் குலுங்கும் முசெண்டாக்களில் ஐந்து புல்லிகளும் பெரிதாகியிருக்கும். அவை தோட்டத்துக்கென வளர்க்கப்பட்ட வகைகள். அவற்றுள் புகழ்பெற்ற வெள்ளை வகை 1915இல் பிலிப்பைன்ஸின் மகிலிங் மலையில் கண்டெடுக்கப்பட்டது. அழகில் அவற்றுக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலும் விதை கட்டுவதில்லை. காட்டு முசெண்டாவோ, நுண்ணிய விதைகள் நிறைந்த சிறு கனிகளைத் தரும்.

வளர்க்கும் முறை

செடியைக் காட்டிலிருந்து வேரோடு பிடுங்கக் கூடாது. சிங்கராஜ போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளில் ஓர் இலையைப் பறிப்பதும் குற்றம். ஊரில் உறவினரின் தோட்டத்திலோ வேலியிலோ இருந்தால், அனுமதி கேட்டுத் தண்டுத் துண்டுகளை மட்டும் வெட்டி எடுங்கள். செடிக்கும் கேடில்லை.

இளம்பச்சையும் இல்லாத, முற்றிய மரமும் ஆகாத தண்டே சிறந்தது. ஆறு அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். மேலே இரண்டு இலைகளை விட்டு ஏனையவற்றை அகற்றுங்கள். மணலும் தும்புத்தூளும் சம அளவில் கலந்த சாடியில், கீழ்க்கணு புதையும்படி நட்டு, ஒளி ஊடுருவும் பொலித்தீன் உறையால் மூடி நிழலில் வையுங்கள். எல்லாத் துண்டும் வேர்விடாது; ஆகவே ஐந்தாறு துண்டுகளாக நடுவதே நல்லது. புதுத் தளிர் வந்து, மெல்ல இழுத்தால் பிடிமானம் தெரிந்தபின் பெரிய சாடிக்கு மாற்றலாம்.

கடலோர மண் மணற்பாங்கானது; நீரும் பசளையும் அதில் தங்காது. எனவே கூட்டெரு தாராளமாகச் சேருங்கள். அரைநாள் வெயில் போதும். உப்புக்காற்று நேரே அடிக்காதவாறு மதிலோரமாக வைப்பது நல்லது. இது படரும் இயல்புள்ள செடியாதலால், பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கத்தரித்தால் அடர்ந்து வளரும். சாடியின் கீழ்த்தட்டில் நீர் தேங்கவே கூடாது. நம் நகரில் டெங்கு நுளம்பு பெருக அதுவே போதும்.

இலையில் ஓட்டை விழுந்தால்

செடி வளர்ந்தபின் ஒருநாள் இலைகள் அரிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உடனே பூச்சிநாசினியைத் தேடாதீர்கள். 'கமாண்டர்' எனப்படும், செங்கபில நிறகில் வெள்ளைப் பட்டையுள்ள வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடிகளில் இதுவும் ஒன்று. இலையைத் தின்னும் முட்புழு அதன் குடம்பியாக இருக்கலாம். ஓரிரு கிளை இலை இழப்பதால் செடி இறந்துவிடாது; மீண்டும் தளிர்க்கும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கின்றார்கள். பழம் தரும் மரத்தை நினைத்தே இதை நாம் பெரும்பாலும் சொல்கின்றோம். அரிக்கப்பட்ட ஓர் இலையும் ஓர் உயிருக்கு உணவுதான். புழு இருக்கும் கிளையை அப்படியே விட்டு, திகதியிட்டுக் குறிப்பெடுத்து வாருங்கள். கூட்டுப்புழுவாகி, சிறகு விரியும் நாளையும் அதில் எழுதலாம்.