தம்பி தங்கைக்கு நம் ஊர்ப் பருவங்களைக் காட்டுங்கள்

உங்கள் வீட்டில் ஐந்து, ஆறு வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களுடைய வண்ணம் தீட்டும் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 'நான்கு பருவங்கள்' என்று ஒரு பக்கம் பெரும்பாலும் இருக்கும். வசந்தத்துக்குப் பூ, கோடைக்குக் கடற்கரை, இலையுதிர் காலத்துக்கு ஆரஞ்சு நிற இலை, குளிர்காலத்துக்குப் பனிமனிதன். பிள்ளை அழகாக வண்ணம் தீட்டிவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்க்கும். அங்கே டிசம்பரிலும் வெயில், ஜூனிலும் வெயில். "நம்ம ஊருல பருவமே இல்லையா, அக்கா?" என்று கேட்டால், "இங்கே வெயிலும் மழையும்தான்" என்று சொல்லிவிட்டு நாம் கைப்பேசிக்குத் திரும்பிவிடுகிறோம்.

அந்தப் பதில் சரியில்லை. மலேசியாவுக்கும் பருவங்கள் உண்டு. பனி விழுவது போலப் பளிச்சென்று கண்ணில் படாதவை அவை. ஆனால், அளந்தால் தெரிந்துவிடும். ஓர் அடிக்கோலும் ஒரு நெகிழிப் புட்டியும் இருந்தால் வீட்டு வாசலிலேயே அளக்கலாம், அதுவும் சின்னப் பிள்ளையின் கையாலேயே. விடுமுறைக்கு மட்டுமல்ல, வீட்டிலேயே இருந்து படிக்கும் பிள்ளைகளுக்கும் இது ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய பாடம். ஆசிரியர் நீங்கள்தான். அந்த வேலைக்கு ஒரே ஒரு விதி: விடையை நீங்கள் சொல்லக்கூடாது.

சாத்தே குச்சியின் நிழல்

நீளமான சாத்தே குச்சி ஒன்று, களிமண் உருண்டை ஒன்று, தடித்த அட்டை, நூல், பென்சில் ஆகியவை போதும். குச்சியின் கூர்முனையை முதலில் நறுக்கிவிடுங்கள். அட்டையின் நடுவில் களிமண்ணை வைத்துக் குச்சியை நடுங்கள். அட்டையிலிருந்து குச்சியின் நுனிவரை உயரம் சரியாக 20 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குச்சி நேராக நிற்கிறதா என்று பார்க்க, நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒப்பிடுங்கள். கைப்பேசியில் உள்ள திசைகாட்டியைக் கொண்டு வடக்கு எது என்று அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் 12.50க்கு அட்டையைச் சமதரையில் வையுங்கள். 1.40 வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் பிள்ளை ஒரு புள்ளி வைக்கட்டும். புள்ளி வைக்க மட்டும் வெளியே வந்து, உடனே நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. நமக்கு வேண்டியது நிழல் மட்டும்தான். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

குறித்த நிழல்களில் மிகக் குட்டையானதுதான் நண்பகல் நிழல். கோலாலம்பூரில் அது 12 மணிக்கு வராது, ஏறத்தாழ 1.15க்கு வரும். நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கோலாலம்பூரோ 101.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள், 73 நிமிட வேறுபாடு வரும். தீபகற்பத்தின் கடிகாரங்கள் 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டன. தாத்தா பாட்டியைக் கேட்டால் நினைவிருக்கலாம்.

இனி வாரம் ஒருமுறை அளந்தால் போதும். மேகம் மறைத்தால் மறுநாள். ஒவ்வொரு முறையும் அட்டையை வெயிலில் வைப்பதற்கு முன் பிள்ளையிடம் ஒரு கூழாங்கல்லைக் கொடுத்து, "நிழல் நுனி இன்றைக்கு எங்கே வரும்?" என்று கேளுங்கள். அது நினைக்கும் இடத்தில் கல்லை வைக்கட்டும். பிறகு நண்பகல் நிழலின் நீளத்துக்கு நூலை வெட்டி, சுவரில் ஒட்டிய பெரிய தாளில் ஒட்டச் சொல்லுங்கள். தாளின் நடுவே குறுக்காக ஒரு கோடு. நிழல் வடக்கே விழுந்தால் நூல் கோட்டுக்கு மேலே, தெற்கே விழுந்தால் கீழே. எண் எழுதத் தெரியாத பிள்ளையும் இந்த வரைபடத்தைப் படித்துவிடும்.

கோலாலம்பூரில் டிசம்பர் 21 வாக்கில் 20 சென்டிமீட்டர் குச்சிக்கு 10 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். பிறகு நூல்கள் குட்டையாகிக்கொண்டே வரும். மார்ச் 28ஐ ஒட்டி நிழல் குச்சியின் காலடியில் காணாமற்போகும். அதன்பின் தெற்கே முளைக்கும். ஜூன் 21 வாக்கில் ஏழரை சென்டிமீட்டர் அளவுக்குத் தெற்கே நீண்டிருக்கும். மீண்டும் சுருங்கி, செப்டம்பர் 15ஐ ஒட்டி இன்னொரு முறை மறையும். பினாங்கில் இந்த நாள்கள் ஏறத்தாழ ஏப்ரல் 3, செப்டம்பர் 9. ஜொகூர் பாருவில் மார்ச் 24, செப்டம்பர் 19. ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

எப்போது தொடங்குவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. டிசம்பர் மாதம் முழுவதும் பார்த்தாலும் நிழல் ஒரு சென்டிமீட்டர்கூட மாறாது, பிள்ளைக்குச் சலித்துவிடும். மார்ச்சில் மட்டும் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் மாறுகிறது. ஆகவே பிப்ரவரி நடுவிலோ ஆகஸ்டு தொடக்கத்திலோ ஆரம்பிப்பதே நல்லது. முதல் சில வாரங்களில் கூழாங்கல் தவறான இடத்தில் இருக்கும். பிறகு போன வார நூலைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் குட்டை" என்று பிள்ளையே கல்லை நகர்த்தும். நிழல் எதிர்த் திசைக்குத் தாவும் வாரத்தில் அந்தக் கல் மறுபடியும் தவறும். அன்று நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினம்.

இது ஏன் நடக்கிறது என்பது உங்களுக்கான கேள்வி. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் தலைக்கு நேரே நிற்கும் இடம், ஆண்டு முழுவதும் கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே வடக்கும் தெற்குமாகப் போய்வருகிறது. நாம் அந்தப் பாதையின் நடுவில் இருப்பதால் சூரியன் நம்மை ஆண்டுக்கு இருமுறை கடந்து போகிறது. இலண்டனில் இருக்கும் பிள்ளை இதே குச்சியை நட்டால் நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கே மட்டும்தான் விழும். மெல்பர்னில் தெற்கே மட்டும். நிழல் திசை மாறுவதை அந்தப் பிள்ளைகள் பார்க்கவே முடியாது. பனிமனிதன் அவர்களுக்கு, இது நமக்கு.

தம்பிக்குக் காட்ட வேண்டுமென்றால், ஓர் ஆரஞ்சுப் பழத்தின் நடுவே குச்சியைச் செருகி அதையே அச்சாக வையுங்கள். இருட்டிய அறையின் நடுவில், நிழற்கூடு இல்லாத விளக்கு. அதைச் சுற்றிப் பழத்தோடு நடங்கள். அச்சின் மேல்முனை எப்போதும் அறையின் ஒரே சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். நடக்கும்போது சாய்வையும் சேர்த்துத் திருப்பிவிட்டால் பருவம் மாறாது. பலர் இடறும் இடம் இதுதான். இன்னொன்று, சூரியனுக்கு அருகே போவதால் கோடை வருகிறது என்று உங்கள் வகுப்பிலேயே சிலர் நம்பக்கூடும். பூமி சூரியனுக்கு மிக அருகே, ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் கிலோமீட்டரில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில். அப்போதுதான் ஐரோப்பா குளிரில் நடுங்குகிறது.

நாம் பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை. கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 22 நிமிடமே வேறுபாடு. சூரியனின் பாதை மாறினாலும் வெப்பம் பெரிதாக மாறாததற்கு இது ஒரு காரணம். நம் பருவங்களைப் பிரிப்பது குளிரும் வெப்பமும் அல்ல, காற்றும் மழையும்தான்.

மழையை வெட்டி ஒட்டுவது

பக்கங்கள் நேராக இருக்கும் 1.5 லிட்டர் நெகிழிப் புட்டியின் மேற்பகுதியை வெட்டுங்கள் (இது உங்கள் வேலை, பிள்ளையுடையது அன்று). வெட்டிய பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் புனல் போல வைத்து, விளிம்பில் ஒட்டுநாடா சுற்றுங்கள். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, சமமாகும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியக் கோடு போடுங்கள். மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில், கவிழாமல் ஒரு பூந்தொட்டிக்குள் வையுங்கள்.

தினமும் காலை 8 மணிக்குப் பாருங்கள். உலக வானிலை நிலையங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அனைத்துலக நேரத்தில் அப்போது சுழிய மணி. சுழியக் கோட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ, அதே உயரத்துக்குப் பிள்ளை ஒரு நீலத் தாளை வெட்டி நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டட்டும். நீங்கள் அடிக்கோலால் அளந்து மில்லிமீட்டரை அதன்மேல் எழுதுங்கள். ஒரு மாதம் ஆனதும் சுவரில் நிற்பது, உங்கள் கணிதப் பாடத்தில் வரும் பட்டைக் குறிவரைவேதான்.

மழை பெய்யாத நாளுக்கும் ஓர் இடம் விட வேண்டும். சுழியமும் ஓர் அளவுதான். பார்க்க மறந்த நாள் வேறு, அதற்குக் கேள்விக்குறி. 'நேற்றும் இவ்வளவுதான் பெய்திருக்கும்' என்று ஊகித்து ஒட்டிவிட ஆசை வரும். தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். அளக்காததை எழுதலாம் என்று அவன் முதன்முதலாகக் கற்பது உங்களிடமாக இருக்க வேண்டாம்.

அளந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சுழியக் கோடுவரை புதிதாக ஊற்றுங்கள். இதைத் தள்ளிப்போடக்கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மழைமானியைக் கழுவி வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். அறிவியல் செய்யப் போய் அக்கம்பக்கத்தில் டிங்கிக் காய்ச்சலைக் கொண்டுவந்த பிள்ளைகள் என்று பெயர் வாங்கக்கூடாது. இடி மின்னலின்போது வெளியே போவதும் கிடையாது. மழைக்குப் பிறகு பெரிய கால்வாய்ப் பக்கம் நீரோட்டம் பார்க்கச் சிறு பிள்ளைகளை அழைத்துப் போவதும் கிடையாது.

மில்லிமீட்டர் என்றால் என்ன என்று பிள்ளைக்கு விளங்க ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில் கொட்டும் ஒரு பெருமழை 50 மில்லிமீட்டர் என்று வையுங்கள். உங்கள் வீட்டுக் கூரை 100 சதுர மீட்டர் என்றால் அதன்மேல் மட்டும் 5,000 லிட்டர். ஒரு லிட்டர் புட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, இதுபோல ஐயாயிரம் என்று சொல்லுங்கள்.

மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் நீலத் தாள்கள் உயரமாக நிற்கும்; பெரும்பாலும் மாலை இடிமழை. ஜூன், ஜூலையில் குட்டையாகும். கோத்தா பாருவிலோ குவாந்தானிலோ உறவினர் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் செய்யச் சொல்லுங்கள். அங்கே வரைபடம் வேறு மாதிரி இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை தாள் போதாமல் போகலாம். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து கிழக்குக் கரையில் கொட்டுகிறது. தித்திவாங்சா மலைத்தொடர் மேற்குப் பக்கத்தைப் பெருமளவு மறைத்துவிடுகிறது. ஆனால் பருவம் என்பது பல ஆண்டுகளின் சராசரி, வாக்குறுதி அன்று. 2021 டிசம்பரில் ஷா ஆலாமும் கிள்ளானும் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

மரங்களும் நாள்காட்டிதான்

ஆரஞ்சு நிற இலைக்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. சாலையோரம் கெத்தாப்பாங் மரம் இருந்தால் அதன் இலைகள் உதிரும் முன் சிவப்பதைப் பார்க்கலாம். பிள்ளை கீழே கிடக்கும் இலைகளைப் பொறுக்கி, பச்சையிலிருந்து சிவப்பு வரை வரிசைப்படுத்தட்டும். ரப்பர் மரங்கள் ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறண்ட வாரங்களில் இலையை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்க்கும். குளிர் அல்ல, வறட்சிதான் அங்கே காரணம். தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால் தம்பியே பேட்டி எடுக்கட்டும்: எந்த மாதத்தில் இலை கொட்டும், அப்போது பால் எவ்வளவு குறையும், ரப்பர்க் கொட்டை எப்போது வெடித்துச் சிதறும்? விடைகளைச் சுவர் வரைபடத்தில் அந்தந்த மாதத்துக்கு நேரே எழுதுங்கள்.

டுரியானும் வறட்சியை எதிர்பார்க்கும் மரம். சில வாரம் மழை குறைந்தால்தான் நன்றாகப் பூக்கும். பூக்கள் மாலையில் விரியும். பத்துமலை போன்ற குகைகளில் தங்கும் தேன் வௌவால்கள் இரவில் வந்து மகரந்தத்தைச் சேர்க்கும். பூத்து மூன்று, நான்கு மாதத்தில் பழம் விழும். தெரிந்தவர் வீட்டிலோ தோட்டத்திலோ ஒரு மரம் இருந்தால், பூ விரிந்த நாளைக் குறித்துக்கொண்டு, பழம் விழும் மாதத்தைத் தங்கை முன்கூட்டியே சொல்லட்டும். அந்த மாதம் வரும்வரை இரவுச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் டுரியான் கடை வந்துவிட்டதா என்று பார்ப்பதும் அவள் பொறுப்பு.