கூலர்க்காரரின் சந்தோஷம்

சென்ற மாதம் நம் சங்கத்து நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, "சார், பையனிடம் நீங்கள்தான் பேசவேண்டும்" என்றார். பையன் எலக்ட்ரிகல் டிப்ளமோ. ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் வேலை. அதை விட்டுவிட்டு, கூலர் ரிப்பேர், மாடியில் சோலார் பொருத்துவது என்று சொந்தமாக இறங்கப் போகிறானாம். "வெயிலில் ஏணி தூக்கித் திரிகிறவனுக்கு யார் சார் பெண் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். நியாயமான கவலைதான். உத்தியோகம் புருஷ லட்சணம் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதற்காகத்தானே ஊரை விட்டு நாக்பூர் வரை வந்தோம்!

பையனிடம் பேசுவதற்கு முன் இதை ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஹாக்மன், ஓல்ட்ஹாம் என்ற இரு அமெரிக்கர்கள் 1976-ல் எழுதிய கட்டுரையில், வேலையில் மனநிறைவு தரும் ஐந்து அம்சங்களைக் கூறுகிறார்கள். பலவிதத் திறமைகளுக்கு இடமிருப்பது, ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவுவரை தானே செய்வது, அது பிறருக்கு முக்கியமாக இருப்பது, செய்யும் முறையைத் தானே தீர்மானிப்பது, செய்தது சரியா என்று அந்த வேலையே காட்டிவிடுவது.

படிக்க வறட்சியாக இருக்கிறது அல்லவா? மே மாதத்தில் ஒரு கூலர்க்காரரோடு அரைநாள் நின்று பாருங்கள், ஐந்தும் கண்ணில் படும். எங்கள் காலனிக்கு இருபது வருடமாக ஒருவர் வருகிறார். ஹோலி முடிந்ததும் வண்டியில் தட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஜன்னலுக்கு வெளியே இரும்பு ஸ்டாண்டில் நிற்கும் கூலரின் மூன்று பக்கமும் கழற்றி, உப்புப் படிந்த பழைய தட்டியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவார். பம்பைச் சுத்தம் செய்வார். மோட்டார் முனகினால் புஷ்ஷா, கண்டென்சரா என்று காதால் கேட்டே சொல்லிவிடுவார். தொட்டி ஒழுகினால் அடைப்பார். தகரம், தண்ணீர், மின்சாரம் மூன்றும் ஒரே ஆள் கையில். எந்த வீட்டை முதலில் பார்ப்பது, எதை முதலில் கழற்றுவது எல்லாம் அவர் முடிவு. கடைசியில் ஸ்விட்சைப் போடச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து கூலருக்கு எதிரே முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். ஜில்லென்று காற்று வந்தால் வேலை சரி. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் கிடையாது. வெளியே 45 டிகிரி. அன்று இரவு அந்த வீட்டுக் குழந்தை தூங்குவது அவரால்தான்.

வெயிலும் கைவேலையும் மட்டும் இந்த நிறைவைத் தருவதில்லை. ரயில்வேயில் நான் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன். கீமேன் தினமும் சுத்தியலும் ஸ்பானருமாகத் தன் பகுதி முழுதும் நடப்பார். அவருக்கும் வெயில்தான், கைவேலைதான். அவர்களில் முகம் மலர்ந்து வேலை பார்த்தவர்கள் எல்லாம் "என் பீட்" என்று பேசியவர்களே. சம்பளக்காரருக்கு அபூர்வமாக வாய்க்கும் அந்த "என்", சொந்தத் தொழில்காரருக்குத் தானாகவே வந்துவிடுகிறது.

சரி, காசு? ஹாமில்டன் என்பவர் 2000-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் பத்து வருடம் சொந்தத் தொழில் நடத்தியவரின் இடைநிலை வருமானம், சம்பள வேலையில் கிடைத்திருக்கக் கூடியதைவிட 35 சதவீதம் குறைவு. அப்படியும் பலர் விட்டுப் போகவில்லை. பென்ஸ், ஃப்ரை என்ற பொருளியலாளர்கள் 23 நாடுகளின் விவரங்களைப் பார்த்து 2008-ல் எழுதியதும் இதற்கு ஒத்துப் போகிறது: சொந்தத் தொழில்காரர்களுக்கே திருப்தி அதிகம், சுதந்திரமும் வேலையின் சுவாரசியமும் காரணம்.

இதை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்தக் கூடாது என்பது என் அபிப்பிராயம். 2023-24 அரசுக் கணக்கெடுப்பில் உழைப்பவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் என்று வருகிறது. சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுபவர்களும் இதில் அடக்கம். வேறு வேலை கிடைக்காமல் இதற்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். விரும்பி ஏணி தூக்கியவனும் வேறு வழியின்றித் தூக்கியவனும் ஒன்றாகிவிடுவார்களா?

கூலர்க்காரரையே கேட்டேன். "யாரிடமும் லீவு கேட்டதில்லை சாப்" என்று சிரித்தார். "மகனையும் இதில் விடுவீர்களா?" என்றதும் சிரிப்பு நின்றது. மூன்று வருடம் முன்பு ஸ்டாண்டிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. சீசன் நடுவில் இரண்டு மாதம் வருமானம் இல்லை. ஏப்ரலில் மழை பெய்தாலும் கஷ்டம். எர்த் சரியில்லாத கூலரில் கை வைத்து உயிர் விட்டவர்களும் உண்டு. பதில் சொல்லாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு பையனிடம் பேசினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடத்துக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமர் சுரக்ஷா பீமாவில் சேரச் சொன்னேன். அது விபத்தால் நேரும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், மணிக்கட்டு முறிவுக்கு ஒன்றும் வராது என்பதையும் சொன்னேன். அடல் பென்ஷனில் 40 வயதுக்குள் சேர்ந்தால் 60-க்குப் பிறகு மாதம் அதிகபட்சம் 5,000 ரூபாய். எனக்கு வரும் ரயில்வே பென்ஷனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் அவன் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். ஒரு வருடமாக ஞாயிறுதோறும் செய்த வேலைகள், வாங்கிய கூலி, சாமான் செலவு எல்லாம் தேதிவாரியாக இருந்தது. மார்ச் முதல் ஜூன் வரை பக்கங்கள் நிரம்பி வழிகின்றன. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை ஏறக்குறைய வெற்றுத் தாள். அந்த நான்கு மாதத்துக்கு என்ன செய்வாய் என்று எழுதிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறேன். நண்பர் தினமும் போன் செய்து கேட்கிறார். பையன் இன்னும் வரவில்லை.