சனிக்கிழமைக் கூலிக் கவரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதே

தங்கச்சி, ஒரு பட்டாசு ஆபீஸில் தினம் 600, பிடித்தம் கிடையாது. இன்னொன்றில் 540, பிஎஃப்பும் இஎஸ்ஐயும் பிடிப்பாங்க. திருத்தங்கல், சாத்தூர் பக்கம் யாரைக் கேட்டாலும் 600-க்குத்தான் கை தூக்குவாங்க. நான் தூக்க மாட்டேன். ஏன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாசம் 26 நாள் வேலைன்னு வை. முதல் ஆபீஸில் 15,600 முழுசாகக் கையில் வரும். ரெண்டாவதில் 14,040. அதில் பிஎஃப் 12% என்றால் 1,685, இஎஸ்ஐ 0.75% என்றால் சுமார் 105 போகும். மிச்சம் 12,250. மூவாயிரத்துச் சொச்சம் நஷ்டம் மாதிரி தெரியும். ஆனால் பிடித்த 1,685 உன் பேரில்தான் கிடக்கிறது. முதலாளியும் அதே அளவு போட்டாகணும். ரெண்டும் 3,370. கையில் வந்ததோடு கூட்டினால் 15,620! முதலாளி பங்கிலிருந்து கூலியில் 8.33% பென்ஷனுக்குப் போகும், நினைத்தபோது எடுக்க முடியாது. அதையும் ஓரத்தில் எழுதி வை.

அடுத்தது கிராஜுவிட்டி. அஞ்சு வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு 15 நாள் கூலி. 540 ரூபாய்க்கு வருஷம் 8,100. போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33%, அதிகபட்சம் 20%. எத்தனை சதவீதம், எந்தத் தொகை மேல் என்று ரெண்டையும் கேட்டு வாங்கு. தீபாவளி முன்பணத்தை மட்டும் சலுகை வரிசையில் சேர்க்காதே, அது கடன்.

வெடிமருந்துப் பக்கம் உட்காருகிற வேலைக்கு இஎஸ்ஐதான் என் கண்ணுக்கு முதலில் படும். வேலையில் காயம்பட்டு வீட்டில் இருக்கும் நாளுக்குக் கூலியில் 90% வரும், வைத்தியமும் உண்டு. 2012-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தை நம்ம ஊரில் யாரும் மறக்கலை. அதனால் பிடித்தமே இல்லாத இடத்தில் மஸ்டர் ரோலில் உன் பேர் ஏறுமா, இல்லை உள்குத்தகைக்காரர் கீழே வேலையா என்று கட்டாயம் விசாரி. பிஎஃப் கட்டுறோம்னு வாயால் சொன்னால் போதாது. அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் அக்காவிடம் உமங் செயலியில் பாஸ்புக்கைக் காட்டச் சொல்.

எல்லாவற்றையும் வருஷக் கணக்காக மாற்று. பன்னிரண்டால் பெருக்காதே, ஆபீஸ் நிஜமாகத் திறந்திருக்கும் மாசத்தால் பெருக்கு. 2018 அக்டோபரில் பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு ஆலைகள் மாசக்கணக்கில் மூடிக் கிடந்தது ஞாபகம் இருக்கும்.

இனி இதை வீட்டில் காட்டணும். ரெண்டு ஆபீஸையும் ஒப்பிட்டு நீ போட்டிருந்த பட்டைப் படத்தில் நல்லது பச்சை, கெட்டது சிவப்பு. நம்ம தம்பிக்கு அந்த ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆம்பளைப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இது உண்டு. அதனால் கரும் நீலம், ஆரஞ்சு எடு. ஒரு பட்டையை நிறைத்து அடி, மற்றதில் சாய்வுக் கோடு போடு. மூலையில் கட்டம் வைத்து ‘நீலம் என்றால் இது’ என்று விளக்காதே. பட்டை மேலேயே ஆபீஸ் பேரும் தொகையும் எழுது. பட்டை பூஜ்யத்திலிருந்து கிளம்பட்டும். நடுவிலிருந்து ஆரம்பித்தால் சின்ன வித்தியாசமும் மலை மாதிரி நிற்கும்.

அம்மாவுக்குக் கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாது. தினசரி காலண்டர் தேதி மாதிரி எண்கள் அடுப்படியிலிருந்தே தெரியணும். மஞ்சள் தாளில் வெளிர் சாம்பல் எழுத்து வேண்டவே வேண்டாம். நம்ம அச்சாபீஸ்களில் அதை அழகு என்று நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க! தமிழ் எழுத்துக்குக் கொம்பும் சுழியும் உண்டு, வரிகளுக்கு நடுவில் தாராளமாக இடம் விடு. முடித்ததும் ஒரு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடு. அதிலும் எது எந்த ஆபீஸ் என்று தெரிந்தால் படம் தேறியது.

கேட்டும் பதில் வராத விவரத்துக்கு நேராகப் பூஜ்யம் போடாதே, பெரிய கேள்விக்குறி போடு. ஒரே ஆபீஸுக்கு மூன்று கேள்விக்குறி விழுந்தால், திங்கட்கிழமை காலையில் அந்தக் கணக்குப்பிள்ளையை நேரில் போய்ப் பார். சனிக்கிழமை வேண்டாம், பட்டுவாடா நடக்கும்போது அவர் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார்.